கண் பரிசோதனையில் வேண்டுமென்றே "தெரியலை" என்று சொன்ன மகள் – என்ன செய்வது?

நீடாமங்கலம் அம்மா:

வணக்கம். மூன்று நாளாக மனசே சரியில்லை, வீட்டிலும் யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. மேலே இருக்கிற இரண்டு பெரிய வரிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள், சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சீட்டைப் பார்த்ததும் மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார், பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா என்று. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டு அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

மறுநாள் டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் முகவாயை வைக்கச் சொன்னார்கள், ஒரு நிமிடத்தில் சீட்டு வந்தது, இரண்டு கண்ணிலும் மைனஸ் 0.75. ரோஸ் நிற ஃபிரேமை அவளே எடுத்தாள். 1,800 ரூபாய் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். கூட்ஸ் வண்டிக்காகக் கேட் போட்டு இருபது நிமிடம். இவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பேருந்தைக் காட்டி "அம்மா, வேளாங்கண்ணி வண்டி" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் அதற்குப் பின்னால் நின்ற லாரியின் நெற்றியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி, "அங்-கா-ளம்-மன் து-ணை" என்று படித்தாள். எனக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்து அது. கண்ணாடி இல்லாமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் பேசாமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஏழு வயதுப் பிள்ளை இப்படிப் பொய் சொல்லுமா? கண்ணில் உண்மையிலேயே ஏதாவது இருந்து, நான்தான் தப்பாக நினைக்கிறேனா?

பாபநாசம் சித்தப்பா:

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்மா. கண்ணாடியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், நன்றாக ஒரு அதட்டல் போடுங்கள், இரண்டே நாளில் சரியாகிவிடும். பிள்ளைகள் சொல்வதை எல்லாம் நம்பிச் செலவு செய்துகொண்டே போனால் நாளைக்கு வயிற்று வலி என்று பள்ளிக்கூடத்துக்கும் போகாது.

மயிலாடுதுறைக்காரி:

சித்தப்பா சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதட்டினால் அந்தப் பிள்ளை இனிமேல் உண்மையாகவே கண் தெரியாவிட்டாலும் வாயைத் திறக்காது. எனக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை மங்கலாக இருக்கிறது என்றேன், பக்கத்து பெஞ்சுப் பெண் கண்ணாடி போட்டதைப் பார்த்து ஆசைப்படுகிறாய் என்று அப்பா திட்டினார். அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பு வரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து எழுதியே மூன்று வருடம் ஓட்டினேன். முதல்முதலாகக் கண்ணாடி போட்டு வெளியே வந்தபோது வேப்ப மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிந்தது, நடுத்தெருவில் நின்று அழுதேன்.

வலங்கைமான் அப்பா:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பையனுக்கு ஆறு வயது. டிவி பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறான், கிட்டக் கிட்டப் போய் நிற்கிறான், தள்ளி உட்கார் என்றால் தெரியவில்லை என்கிறான். ஆனால் தரையில் ஊர்கிற எறும்பைப் பொறுக்குவான், பம்பரம் விடுவான். அவன் அத்தை மகன் கண்ணாடி போட்டதிலிருந்துதான் இதெல்லாம். நடிப்பு என்று நான் கண்டுகொள்வதில்லை.

கும்பகோணம் ஆப்டோமெட்ரிஸ்ட்:

கண் பார்ப்பதுதான் என் தொழில், 14 வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் அக்கா, முதலில் ஒன்று. "பொய்" என்ற வார்த்தையைத் தயவுசெய்து வீட்டில் எடுக்காதீர்கள். கண்ணில் குறையில்லாத பிள்ளை தெரியவில்லை என்று சொல்வது நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம், பெரும்பாலும் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள், பெண் பிள்ளைகளிடம் சற்று அதிகம். சில பிள்ளைகள் தெரிந்தே சொல்லும். சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நிஜமாகவே தெரியாதது மாதிரி இருக்கும். இரண்டையும் வெளியிலிருந்து பிரிப்பது கஷ்டம், பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

இரண்டாவது, அந்தக் கம்ப்யூட்டர் சீட்டு. அந்த மெஷினுக்குள் ஒரு படம் தெரியும், பலூனோ வீடோ. பிள்ளை அதைக் கிட்டத்தில் இருப்பதாக நினைத்துக் கண்ணை இறுக்கிப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கிற தசைக்கு அவ்வளவு பலம். இறுக்கிப் பார்த்தால் இல்லாத மைனஸ் பவர் சீட்டில் வந்துவிடும். அதனால் சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திய பிறகு எடுக்கிற அளவைத்தான் இந்த வயதில் நம்பலாம். சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டை இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை விடுவார்கள், முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறுநாள் வரை கிட்டத்தில் மங்கலாக இருக்கும், வெயில் கூசும், தொப்பி எடுத்துப் போங்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, மாறுகண் இருப்பவர்களுக்கு, அட்ரோபின் களிம்பு கொடுத்து வீட்டில் மூன்று நாள் போடச் சொல்வதும் உண்டு. அதனால் வரும் மங்கல் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். அதைப் போட்டு முகம் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சொட்டு விட்ட பிறகு ரெட்டினாஸ்கோப் என்கிற கோடு மாதிரி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்து அசைப்போம். கண்மணிக்குள்ளே சிவப்பாக ஒரு ஒளி நகரும். அது எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, எந்த லென்ஸில் அசைவு நிற்கிறதோ அதை வைத்துப் பவரைக் கணக்கிடுவோம். பிள்ளை வாயே திறக்க வேண்டாம். கைக்குழந்தைக்குக்கூட இப்படித்தான் பார்க்கிறோம்.

நடிக்கிற பிள்ளைக்கென்று தனியாகச் சில வழி உண்டு. ஒரு ப்ளஸ் லென்ஸையும் அதே அளவு மைனஸ் லென்ஸையும் சேர்த்து மாட்டிவிட்டு, "இது ரொம்ப சக்தியான கண்ணாடி" என்போம். ஒன்றை ஒன்று கழித்துவிடும், வெறும் கண்ணாடிதான். பிள்ளை கடைசி வரி வரை படித்துவிடும். அட்டையை மேலிருந்து காட்டாமல் கடைசி வரியிலிருந்து தொடங்கி, "இது தெரியாட்டி பரவாயில்லை, இதைவிடப் பெரிய எழுத்து இருக்கு" என்று ஒவ்வொரு வரியாக மேலே போவோம். பாதித் தூரத்துக்குக் கூட்டி வருவோம். உண்மையாகத் தெரியாத பிள்ளைக்குப் பாதித் தூரத்தில் பாதி அளவு எழுத்து தெரிய வேண்டும். நடிக்கிற பிள்ளை அங்கேயும் அதே வரியில்தான் நிற்கும்.

பேருந்துப் பலகை பற்றி ஒரு வார்த்தை. தினமும் பார்க்கிற வண்டியை எழுத்துப் படிக்காமலே நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள், அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். லாரியில் எழுத்துக் கூட்டிப் படித்தாள் என்கிறீர்களே, அதுதான் முக்கியம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். நடிக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள். விழித்திரையில் வருகிற சில பரம்பரைக் குறைபாடுகள், ஸ்டார்கார்ட் என்று ஒன்று, ஆரம்பத்தில் மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளை நடிக்கிறார்கள் என்று எழுதி அனுப்பியது உண்டு. முழுப் பரிசோதனை முடிந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் நிம்மதி.

வலங்கைமான் அண்ணன், உங்களுக்கு அவசரமாகச் சொல்கிறேன். பையன் டிவி பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு உள்ளங்கையால் அவன் ஒரு கண்ணை மூடுங்கள். அழுத்த வேண்டாம். பிறகு மறு கண்ணை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறானா, ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தள்ளுகிறானா என்று பாருங்கள். எறும்பு பொறுக்க ஒரு நல்ல கண் போதும். வீட்டில் பார்ப்பது எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தலையைச் சாய்ப்பதே காட்டுவதற்குப் போதுமான காரணம்.

பாபநாசம் சித்தப்பா:

தம்பி எழுதியதைப் படித்தேன். இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதட்டச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், அந்தப் பெண் ஏற்கெனவே வாங்கிய கண்ணாடியைப் போட்டால் கெடுதலா?

கும்பகோணம் ஆப்டோமெட்ரிஸ்ட்:

பவர் இல்லாத கண்ணுக்கு மைனஸ் 0.75 போட்டால் பிள்ளை தசையை இறுக்கி இறுக்கிப் பார்த்துச் சமாளித்துவிடும், ஆனால் தலைவலி வரலாம், படிக்கும்போது கண் களைத்துப் போகும். போட வேண்டாம். அதேபோல், உண்மையாகப் பவர் இருக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயந்து போடாமல் விடுவதும் தப்பு. பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் கொடுங்கள், மாலைக்கண் வராமல் இருக்க அது வேண்டும். ஆனால் கீரை தின்று பவர் இறங்காது, அது கண்ணின் நீளமும் வளைவும் சம்பந்தப்பட்டது.

தஞ்சாவூர் ஓய்வு டீச்சர்:

நான் 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள். பள்ளியில் முதல் பரிசோதனையை ஆசிரியர்கள் நாங்கள்தான் செய்வோம். 20 அடியைச் சுவரிலிருந்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டுப் பிள்ளைகளை நிறுத்துவோம். படிக்காத பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்தால், கண் மருத்துவ உதவியாளர் வந்து மறுபடி பார்ப்பார். அரசுத் திட்டத்தில் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு இலவசமாகவே கண்ணாடி வரும். அதனால் பள்ளிச் சீட்டு வந்த உடனே கடைக்கு ஓட வேண்டாம்.

பிள்ளை "தெரியலை" என்று சொல்வதில் பல ரகம் பார்த்திருக்கிறேன். எழுத்தே தெரியாத பிள்ளை கண் தெரியவில்லை என்று சொல்லிவிடும், பாவம், அதை எல்லார் முன்னாலும் எப்படி ஒத்துக்கொள்ளும். நான் ஆங்கில 'இ' எழுத்து நாலு பக்கமும் திரும்பியிருக்கிற அட்டையைக் கொடுத்துக் கையால் திசை காட்டச் சொல்வேன், பாதிப் பேர் தேறிவிடுவார்கள். இதைப் பரீட்சை என்று நினைத்து, தப்பாகச் சொன்னால் அடி விழும் என்று இரண்டாவது வரியிலேயே நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. கண்ணாடி போட்ட தோழி முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்பதற்காகச் சொன்ன பிள்ளையும் என் வகுப்பில் இருந்தாள்.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்தியது இதற்கு நேர்மாறான பிள்ளைகள்தான். வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருப்பவன் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தெரியாத எழுத்தை எல்லாம் கடகடவென்று சொல்வார்கள். கேட்டால், கண்ணாடி போட்டால் "சோடாபுட்டி" என்பார்கள், பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணம் ஆகாது என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டிருப்பாள். வரிசையை வாசலுக்கு வெளியே நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் இவர்களைப் பிடிக்க முடிந்தது. இந்த இழையைப் படிக்கிற ஆசிரியர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

நீடாமங்கலம் அம்மாவுக்கு ஒன்று. எங்கள் ஊரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோய்க்கு வைத்தியம் பார்த்த குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. நோயாளியின் கண் எப்படி இருந்தது என்று படமாகவே வரைந்து, பக்கத்தில் விவரம் எழுதியிருப்பார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பொறுமை இருந்திருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எந்த நேரம், எவ்வளவு தூரத்தில், எதைப் படித்தாள், எதைத் தெரியவில்லை என்றாள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். மருத்துவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள்.

நீடாமங்கலம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி எழுத ஆரம்பித்தேன், ஒன்பது நாள் எழுதினேன். முதல் பெஞ்சு விஷயமாக இருக்குமோ என்று வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். இவள் குள்ளம், ஏற்கெனவே முதல் பெஞ்சில்தான் இருக்கிறாள். வகுப்பில் இரண்டு பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அவர்களோடு இவளுக்கு அவ்வளவு சேர்க்கையும் இல்லை.

நேற்றுத் தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். அந்தப் பெரிய இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டினார்கள், அது வழுக்கி வழுக்கி இறங்க, இவள் ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தம்பி எழுதிய மாதிரியே இரண்டு லென்ஸ் போட்டார்கள். நல்ல பார்வைக்கான 6/6 வரி முழுவதையும் படித்தாள். நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு சொட்டு, ஒரு மணி நேரம், வெளிச்சம் அடித்துப் பார்த்தது எல்லாம் நடந்தது. லேசான ப்ளஸ் இருக்கிறது, இந்த வயதில் பிள்ளைகளுக்கு அது இருப்பதுதான், கண்ணாடி தேவையில்லை என்றார் மருத்துவர். கண்ணுக்குள்ளேயும் பார்த்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "உன் கண் நல்லா இருக்கு, அப்பப்போ மங்கலா இருந்தா அம்மாகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை நோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை என்று அவள் சொன்ன நாள் எல்லாவற்றிலும் பக்கத்தில் என் மாமனார் இருந்திருக்கிறார்.

அவருக்கு இரண்டு மாதம் முன்னால் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆனது. அதற்கு முன்னால் ஒரு வருடமாக அவருக்குப் பேப்பரில் தலைப்பு எல்லாம் படித்துக் காட்டியது இவள்தான். சாயங்காலம் கையைப் பிடித்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போவாள், படி வந்தால் "தாத்தா, படி" என்பாள். ஆபரேஷன் ஆனதும் அவர் தானாகப் பேப்பர் படிக்கிறார், தானாக வாய்க்கால் கரைவரை நடந்து போய் வருகிறார். நாங்கள் எல்லாரும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தோம். இவளைக் கவனிக்கவில்லை.

மதியம் தலை வாரும்போது மெதுவாகக் கேட்டேன். "தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதப்பதான் என் கையைப் பிடிச்சார்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமனாரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்து, "பாப்பா, கோயிலுக்குப் போவமா" என்று கையை நீட்டினார்.

மயிலாடுதுறைக்காரி:

அக்கா, படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த ரோஸ் ஃபிரேமை என்ன செய்தீர்கள்?

நீடாமங்கலம் அம்மா:

அவளே கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். பெட்டியில் வைத்திருக்கிறேன். மாமியார் மட்டும் கண்மலர் சாத்தியே ஆக வேண்டும் என்கிறார், வேண்டியது வேண்டியதுதானாம். அடுத்த செவ்வாய் போகிறோம்.

வலங்கைமான் அப்பா:

எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். தம்பி சொன்ன மாதிரி அன்று இரவே பையனுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணை மூடினேன், அசையாமல் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கண்ணை மூடினதும் "மறைக்குதுப்பா" என்று கையைத் தள்ளினான். வேறு ஏதோ என்று மறுபடி மூடினேன். மறுபடி தள்ளினான். மூன்றாவது தடவை அழுதுவிட்டான்.

மறுநாள் கூட்டிப் போனோம். வலது கண்ணில் ப்ளஸ் 1, இடது கண்ணில் ப்ளஸ் 4.50. இடது கண் சோம்பேறிக் கண் ஆகிவிட்டது என்றார்கள். மூளை அந்தக் கண்ணிலிருந்து வருகிற மங்கலான படத்தைச் சேர்த்துக்கொள்ளாமலே பழகிவிட்டதாம். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும், சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அவன் தெரியவில்லை என்றபோதெல்லாம் நடிக்காதே என்று சொன்னவன் நான். இரண்டு தடவை முதுகில் அடித்தும் இருக்கிறேன்.

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை கழற்றக் கூடாது. சில வாரம் கண்ணாடியோடு பார்வை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, இடது கண் வேலை செய்யட்டும் என்று, நல்ல கண்ணை மறைத்து அதன் மேல் தினமும் இரண்டு மணி நேரம் பட்டை ஒட்டச் சொல்லலாம் என்றார்கள். பட்டை ஒட்டினால் பிய்த்து எறிந்துவிடுவான் என்றுதான் பயம். யாராவது ஒட்டிப் பழக்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கும்பகோணம் ஆப்டோமெட்ரிஸ்ட்:

அண்ணன், முதுகில் அடித்ததை நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், ஆறு வயதில் கண்டுபிடித்துவிட்டீர்கள். பட்டையைக் கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை இடுக்கு வழியாகப் பார்த்துவிடும், தோலின் மேல்தான் ஒட்ட வேண்டும், அதற்கு மேலே கண்ணாடி. அவனுக்குப் பிடித்த வேலை எதுவோ அந்த நேரத்தில் மட்டும் ஒட்டுங்கள். படம் வரைவது, கிட்டத்தில் பார்த்துச் செய்கிற எந்த வேலையானாலும் நல்லது. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும்.

திருத்துறைப்பூண்டி பாட்டி:

என் பேரனுக்கு ஒட்டியிருக்கிறேன் தம்பி. அவன் ஒட்டுகிற நேரத்தில் நானும் ஒரு கண்ணில் ஒட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவேன். சோழியைக் குழியில் போட அவன் தடவுவான், நானும் தடவுவேன். பதினைந்து நாளைக்கு மேல் அவனே பட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

வலங்கைமான் அப்பா:

பல்லாங்குழி வீட்டில் பரண்மேல் கிடக்கிறது அம்மா. இறக்கித் துடைக்கிறேன்.